ஹீத்கிளிஃபின் நிறம்: செவ்வியல் நாவல் திரைக்கு வரும்போது கிளம்பும் சண்டை எதைப் பற்றியது?

எமிலி பிரான்டே எழுதி 1847-இல் வெளியான 'வுதரிங் ஹைட்ஸ்' நாவல் 2026 பிப்ரவரியில் மறுபடியும் திரைக்கு வந்தது. இயக்கம் எமரால்டு ஃபென்னல். நாயகி கேத்தியாக மார்கோ ராபி, நாயகன் ஹீத்கிளிஃபாக ஜேக்கப் எலார்டி. நடிகர் தேர்வு 2024 செப்டம்பரில் வெளியானதுமே சண்டை தொடங்கிவிட்டது. ஹீத்கிளிஃப் கருத்தவன் என்று நாவலே சொல்கிறதே, அவனை ஏன் வெள்ளை நடிகரிடம் கொடுத்தார்கள் என்று ஒரு சாரார் கேட்டார்கள். இத்தனை காலமும் வெள்ளை நடிகர்கள்தானே நடித்தார்கள், இப்போது மட்டும் என்ன வந்தது என்று மறுசாரார் திருப்பிக் கேட்டார்கள்.

இதே சண்டை 2019-இல் தலைகீழாக நடந்தது. டிக்கன்ஸின் டேவிட் காப்பர்ஃபீல்டாக இந்திய வம்சாவளி நடிகர் தேவ் படேல் நடித்தபோது, 'மூலத்துக்கு உண்மையாக இருங்கள்' என்றவர்கள் வேறு ஆட்கள். 'நல்ல நடிகரா என்று மட்டும் பாருங்கள்' என்றவர்கள் வேறு ஆட்கள். இப்போது இரு தரப்பும் வாதங்களை மாற்றிக்கொண்டுவிட்டன. வெளியிலிருந்து பார்க்கும் வாசகருக்கு, எல்லோருமே வசதிக்கேற்பப் பேசுகிறார்கள் என்றுதான் தோன்றும்.

சிலர் அப்படிப் பேசுவதும் உண்மைதான். ஆனால் குழப்பத்துக்கு முக்கியக் காரணம், மூன்று தனித்தனிக் கேள்விகள் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டிருப்பது:

1. நாவலில் என்ன எழுதியிருக்கிறது?
2. அந்த நிறத்துக்குக் கதையில் என்ன வேலை?
3. இதுவரை யாருக்கு வாய்ப்பு கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை?

மூட்டையை அவிழ்த்துப் பார்த்தால் ஹீத்கிளிஃபும் காப்பர்ஃபீல்டும் ஒரே வகை வழக்கே அல்ல என்பது தெரியும்.

## முதலில் சில சொற்கள்

1. ஒயிட்வாஷிங். தமிழில் வெள்ளையடித்தல் என்றே சொல்லலாம். மூலக்கதையில் வெள்ளையர் அல்லாத ஒரு பாத்திரத்தை வெள்ளை நடிகருக்குக் கொடுப்பது, அல்லது பாத்திரத்தையே வெள்ளையராக மாற்றி எழுதிவிடுவது.

2. பிளாக்ஃபேஸ், பிரவுன்ஃபேஸ், யெல்லோஃபேஸ். பாத்திரத்தின் இனத்தை மாற்றாமல், வெள்ளை நடிகரின் முகத்தில் சாயம் பூசி நடிக்க வைப்பது. 1965-இல் லாரன்ஸ் ஒலிவியர் கறுப்புச் சாயம் பூசி ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவாக நடித்தார். 1961-இல் வந்த 'பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனீஸ்' படத்தில் மிக்கி ரூனி பல்லைத் துருத்திக்கொண்டு ஜப்பானியராக வந்தார். இதெல்லாம் பழங்காலம் என்று நினைக்க வேண்டாம். இ.எம். ஃபார்ஸ்டர் நாவலிலிருந்து டேவிட் லீன் எடுத்த 'எ பாஸேஜ் டு இந்தியா' 1984-இல் வந்தது. அதில் டாக்டர் அஜீஸாக விக்டர் பானர்ஜி நடித்தார். பேராசிரியர் காட்போலே என்ற பிராமணராக நடித்தவர் பிரிட்டிஷ் நடிகர் அலெக் கின்னஸ்.

3. நிறம் பாராத தேர்வு. ஆங்கிலத்தில் கலர்-பிளைண்ட் காஸ்டிங். நடிகரின் இனத்தைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. பார்வையாளரும் எடுக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். வெள்ளை மகனுக்குக் கறுப்புத் தாய் இருக்கலாம். கதை அதைப் பற்றி வாய் திறக்காது.

4. நிறம் அறிந்த தேர்வு. கலர்-கான்ஷியஸ் காஸ்டிங். நடிகரின் இனம் பாத்திரத்தோடு சேர்ந்து வருகிறது. அவர் அந்த உலகத்தில் எப்படி நடத்தப்படுவார், வீட்டில் என்ன பேசுவார் என்பதையெல்லாம் திரைக்கதை யோசித்து எழுதியிருக்கும்.

கடைசி இரண்டும் திரையில் ஒரே மாதிரி தெரியக்கூடும். வேறுபாடு முகத்தில் இருக்காது, வசனத்தில் இருக்கும். அதனால் ஒரு புகைப்படத்தை மட்டும் வைத்துக்கொண்டு எது எது என்று சொல்ல முடியாது. ஆனால் சண்டைகள் பெரும்பாலும் முதல் புகைப்படம் வெளியாகும் நாளில்தான் நடக்கின்றன.

## நாவல் என்னதான் சொல்கிறது?

கேத்தியின் அப்பா ஏர்ன்ஷா என்ற பண்ணையார் லிவர்பூலுக்குப் போகிறார். போக அறுபது மைல், வர அறுபது மைல், நடைப்பயணம். திரும்பும்போது மேலங்கிக்குள் சுருட்டி ஒரு பையனைக் கொண்டுவருகிறார். அழுக்கு, கந்தல், கருத்த முடி. பிசாசிடமிருந்து வந்ததுபோல அவ்வளவு கருப்பாக இருந்தாலும் இதைக் கடவுள் கொடுத்த வரமாக ஏற்றுக்கொள் என்று மனைவியிடம் சொல்கிறார். பையன் பேசும் மொழி யாருக்கும் புரியவில்லை. கதை சொல்லும் பணிப்பெண் நெல்லி அவனை முதலில் 'அது' என்றே குறிப்பிடுகிறாள்.

நாவலின் கணக்குப்படி இது 1771 வாக்கில் நடக்கிறது. அன்றைய லிவர்பூல் வெறும் துறைமுகமல்ல. பிரிட்டனின் அடிமை வாணிபத்துக்குத் தலைநகரம். 1807-இல் அந்த வாணிபம் சட்டப்படி தடைசெய்யப்படும்வரை ஆப்பிரிக்காவுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் அங்கிருந்து கப்பல்கள் போய்க்கொண்டே இருந்தன. அந்த ஊர்த் தெருவில், பெற்றவர் யாரென்று தெரியாமல், புரியாத மொழி பேசிக்கொண்டு கிடந்த கருத்த பையன் என்றால் அன்றைய வாசகர் மனதில் என்னென்ன ஓடியிருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

பின்னால் பக்கத்து மாளிகைக்காரர் லின்டன் அவனைப் பார்த்ததும் குட்டி லஸ்கரோ, அமெரிக்காவிலிருந்தோ ஸ்பெயினிலிருந்தோ கரையொதுங்கிய பயலோ என்கிறார். லஸ்கர் என்றால் ஐரோப்பியக் கப்பல்களில் கூலிக்கு வேலை செய்த இந்திய, ஆசிய மாலுமி. தமிழ்நாட்டுப் பொதுப்பணித் துறையில் அணை, வாய்க்கால் காவலரைக் குறிக்கும் 'லஸ்கர்' இதே சொல்தான். ஜிப்சி என்ற சொல்லும் பல இடங்களில் வருகிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஏழாம் அத்தியாயத்துக் கண்ணாடிக் காட்சி. லின்டனின் மகன் எட்கர் பொன்னிற முடியும் வெளுத்த தோலுமாக இருக்கிறான். அவனை இருபது தடவை அடித்து வீழ்த்தினாலும் அவன் அழகு குறையாது, என் அழகு கூடாது, அவனைப் போல முடியும் தோலும் எனக்கு இருந்திருக்கக் கூடாதா என்று ஹீத்கிளிஃப் நெல்லியிடம் சொல்கிறான். அவள் அவனைக் கண்ணாடி முன் நிறுத்துகிறாள். சுளித்த புருவத்தைத் தளர்த்து, சிரி, நல்ல மனசு இருந்தால் முகம் தானே அழகாகும் என்று தேற்றுகிறாள். உன் அப்பா சீனச் சக்கரவர்த்தியாகவும் அம்மா இந்திய ராணியாகவும் இருந்திருக்கலாம், யார் கண்டது என்கிறாள். முகம் கழுவி, உடை மாற்றி, நம்பிக்கையோடு அவன் வெளியே வருகிறான். எட்கர் அவன் முடியைக் குதிரைக்குட்டியின் பிடரி என்று சொல்லிவிடுகிறான். சூடான ஆப்பிள் குழம்பை அள்ளி எட்கர் முகத்தில் வீசுகிறான் ஹீத்கிளிஃப். அவனை இழுத்துப்போய் அடித்து அறையில் பூட்டுகிறார்கள்.

அவனுடைய பழிவாங்கல் முழுவதற்கும் வேர் அந்த வீட்டில் அவன் பட்ட அவமானங்களில் இருக்கிறது. இந்தக் கண்ணாடி அவற்றில் ஒன்று.

எதிர்ச்சாட்சியும் நாவலிலேயே இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. அதே காட்சியில் நெல்லி, நீ அசல் கறுப்பனாகவே இருந்தாலும் நல்ல மனசு முகத்தை அழகாக்கும் என்ற பொருளில் பேசுகிறாள். அப்படியென்றால் அவள் கண்ணுக்கு அவன் அசல் கறுப்பனல்ல. மூன்றாம் அத்தியாயத்தில் அவன் முகம் பின்னாலிருந்த சுவரைப் போல வெளுத்திருந்ததாக ஒரு வரி வருகிறது. ஆக, ஹீத்கிளிஃப் ஆப்பிரிக்கனா, இந்தியனா, ரோமா (ஜிப்சி) இனத்தவனா, அயர்லாந்துக்காரனா என்று பிரான்டே எங்கும் சொல்லவில்லை. அதை யாராலும் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடிவது ஒன்றுதான்: சுற்றியிருப்பவர்களைவிட அவன் கருப்பு, எங்கிருந்து வந்தவன் என்று தெரியாதவன், அந்த நிறத்தைச் சொல்லியே அவனைத் தாழ்த்துகிறார்கள்.

## அப்படியானால் வெள்ளை ஹீத்கிளிஃப் எங்கிருந்து வந்தான்?

திரையிலிருந்து வந்தான்.

1939-இல் வில்லியம் வைலர் எடுத்த படத்தில் லாரன்ஸ் ஒலிவியர் ஹீத்கிளிஃப். அந்தப் படம் நாவலின் இரண்டாம் தலைமுறைக் கதையை அப்படியே வெட்டிவிட்டது. கேத்தியின் மரணத்தோடு காதல் காவியமாக முடித்துக்கொண்டது. நாவலில் இருந்த கொடூரமான நில அபகரிப்பாளன் ஹீத்கிளிஃப் காணாமல் போனான், ஏங்கும் காதலன் மிஞ்சினான். 1970-இல் திமொதி டால்டன், 1992-இல் ரேஃப் ஃபைன்ஸ் என்று வரிசை தொடர்ந்தது. முடியும் கண்ணும் கருப்பு, தோல் வெள்ளை.

இதில் ஆங்கில மொழியின் ஒரு பழக்கம் கைகொடுத்தது. 'டார்க்' என்ற சொல்லை, கருத்த முடியும் கருத்த கண்ணும் உள்ள வெள்ளைக்காரரைக் குறிக்கவும் பயன்படுத்துவார்கள். ஆகவே நாவலில் 'டார்க்' என்று வரும் இடத்தையெல்லாம் முடி என்று படித்துக்கொள்ளலாம். ஆனால் லஸ்கர் என்ற சொல்லை முடியாகப் படிக்க முடியாது. அதனால் அந்த வரி படங்களில் முக்கியமில்லாமல் போயிற்று.

1939 படத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. கேத்தியாக நடித்த மெர்ல் ஓபரான் 1911-இல் பம்பாயில் பிறந்தவர். தாய்வழியில் இலங்கைப் பூர்வீகம். அது தெரிந்தால் நாயகி வேடம் கிடைக்காது என்பதால் டாஸ்மேனியாவில் பிறந்ததாகக் கதை கட்டப்பட்டது. தன்னை வளர்த்த சார்லட் என்ற பெண்மணியைப் பணிப்பெண் என்று மற்றவர்களிடம் அறிமுகப்படுத்தினார் என்று சொல்வார்கள். 1935-இல் வந்த 'தி டார்க் ஏஞ்சல்' படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றபோதும் உண்மை வெளிவரவில்லை. 1979-இல் அவர் இறந்த பிறகுதான் வந்தது.

காட்சியை எண்ணிப் பாருங்கள். லஸ்கர் என்று வசைபாடப்படும் பாத்திரத்தில் வெள்ளை ஆங்கிலேயர். அவரெதிரே வெள்ளைப் பண்ணையார் மகளாக, தெற்காசிய இரத்தத்தை வாழ்நாள் முழுவதும் மறைத்துக்கொண்ட பெண். இந்த நாவலில் உள்ள அவமானம் கதைக்குள்ளே நடக்காமல் கேமராவுக்குப் பின்னால் நடந்திருக்கிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

ஃபென்னல் தன் தேர்வுக்குச் சொன்ன விளக்கமும் இங்கே பொருந்துகிறது. தான் முதலில் படித்த பதிப்பின் அட்டையில் இருந்த ஹீத்கிளிஃப் ஓவியத்தைப் போலவே எலார்டி இருந்தார் என்றார். படத்தின் பெயரைக்கூட மேற்கோள் குறிக்குள் போட்டிருக்கிறார். இது நாவலின் நேர்ப்பிரதி அல்ல, தன் வாசிப்பு என்பதற்காக. நேர்மையான பதில்தான். ஆனால் அட்டைப்பட ஓவியர் எதைப் பார்த்து வரைந்திருப்பார்? பெரும்பாலான வாசகருக்கு 'மூலம்' என்பது முந்தைய படமும் அட்டையும் சேர்ந்து கட்டிய உருவம். அதை மாற்றினால் நாவலையே மாற்றிவிட்டதாகக் கோபம் வருகிறது. 2011-இல் ஆண்ட்ரியா ஆர்னல்டு தன் படத்தில் ஜேம்ஸ் ஹௌசன், சாலமன் கிளேவ் என்ற கறுப்பின நடிகர்களை ஹீத்கிளிஃபாக நடிக்க வைத்தபோது அதைப் புதுமை என்றே எழுதினார்கள். அவர் செய்தது முந்தைய படங்களைவிட நாவலுக்கு நெருக்கமானது.

இது பழைய நாவல்களுக்கு மட்டும் நேர்வதல்ல. 'ஹங்கர் கேம்ஸ்' நாவலில் ரூ என்ற சிறுமிக்கு அடர்பழுப்புத் தோல் என்று நேரடியாகவே எழுதியிருக்கிறது. 2012 படத்தில் அமாண்ட்லா ஸ்டென்பெர்க் நடித்ததும், ரூ கறுப்பா, இது என்ன அநியாயம் என்று நாவலின் ரசிகர்களே ட்விட்டரில் கொதித்தார்கள். கண் வரியைக் கடந்திருக்கிறது; மனம் பழைய உருவத்தையே வரைந்துகொண்டிருக்கிறது.

## நிறத்துக்குக் கதையில் வேலை இருக்கிறதா?

இரண்டாம் கேள்விதான் வழக்குகளைப் பிரித்துக்காட்டுவது. நாவல் நாவலாகச் சோதிக்க வேண்டும்.

டேவிட் காப்பர்ஃபீல்டு. அனாதைச் சிறுவன், தொழிற்சாலை வேலை, கடன், வர்க்கம், எழுத்தாளனாதல். கதையில் எந்தத் திருப்பமும் அவன் தோல் நிறத்தால் நடப்பதில்லை. ஆர்மாண்டோ இயனூச்சி தன் படத்தில் முழுக்க நிறம் பாராத முறையைக் கையாண்டார்: திருமதி ஸ்டியர்ஃபோர்த்தாக நிக்கி அமுக்கா-பேர்டு என்ற கறுப்பின நடிகை, அவர் மகனாக அன்யூரின் பர்னார்டு என்ற வெள்ளை நடிகர். பத்து நிமிடத்தில் கண் பழகிவிடுகிறது, கதை எங்கும் அறுபடவில்லை.

பாஸிங். நெல்லா லார்சன் 1929-இல் எழுதிய நாவல். வெள்ளையராகத் தோன்றும் அளவுக்கு வெளுத்த ஒரு கறுப்பினப் பெண், இனவெறி பிடித்த கணவனிடம்கூட உண்மையை மறைத்து வெள்ளையராக வாழ்கிறாள். இங்கே நிறம்தான் கதை. ரெபெக்கா ஹால் 2021-இல் இதைப் படமாக்கியபோது டெஸ்ஸா தாம்சன், ரூத் நெகா இருவரையும் தேர்ந்தெடுத்து, படம் முழுவதையும் கறுப்பு-வெள்ளையில் எடுத்தார். தோலின் உண்மை நிறம் நமக்குத் தெரியாமல் சாம்பல் சாயல்களாகக் கரைகிறது. கதைமாந்தரின் கண்ணுக்கு இருக்கும் சந்தேகம் நம் கண்ணுக்கும் வருகிறது. ஹாலின் தாய்வழித் தாத்தாவே அப்படி வாழ்ந்தவர். 2003-இல் வந்த 'தி ஹ்யூமன் ஸ்டெயின்' படத்தை இதோடு ஒப்பிடலாம். ஃபிலிப் ராத் நாவலில் வரும் பேராசிரியரும் தன் கறுப்பின அடையாளத்தை மறைத்தவர்தான். அந்த வேடம் ஆந்தனி ஹாப்கின்ஸுக்குப் போயிற்று. எவ்வளவு பெரிய நடிகராக இருந்தும், அவர் மறைக்கும் ரகசியத்தை நம் கண் நம்ப மறுக்கிறது.

கேப்டன் நெமோ. ஜூல் வெர்ன் 'கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்' கதையை எழுதியபோது நெமோவின் நாட்டை வேண்டுமென்றே மறைத்தார். முதலில் அவரைப் போலந்துக்காரராக எழுத நினைத்தார். பதிப்பாளர் ஹெட்ஸல் ஒப்பவில்லை. 1875-இல் முடிந்த 'மர்மத் தீவு' நாவலில்தான் உண்மை வருகிறது: நெமோ என்பவர் இளவரசர் தக்கார், பந்தேல்கண்ட் ராஜாவின் மகன், திப்பு சுல்தானின் உறவினர், 1857 எழுச்சியில் குடும்பத்தை இழந்தவர். முதல் நாவலிலும் தடயம் உண்டு. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிக்கும் ஏழை இந்தியரைச் சுறாவிடமிருந்து காப்பாற்றி, கையில் ஒரு பை முத்தைக் கொடுத்துவிட்டு, அவன் ஒடுக்கப்பட்டவர்களின் நாட்டைச் சேர்ந்தவன், கடைசி மூச்சுவரை நானும் அவர்களில் ஒருவன் என்கிறார் நெமோ. 1916 மௌனப்படத்தில் நெமோ இந்தியர்தான், ஆனால் சாயம் பூசிய வெள்ளை நடிகர். 1954 டிஸ்னி படத்தில் ஜேம்ஸ் மேசன், இந்தியாவே இல்லை. பேரரசுக்கு எதிரான கோபம் பொதுவான மனிதவெறுப்பாகச் சுருங்கிவிட்டது. 2003-இல் நஸீருத்தீன் ஷா வந்த பிறகுதான் பெரிய ஹாலிவுட் படமொன்றில் நெமோ இந்திய முகத்தோடு தெரிந்தார். 2024-இல் வந்த 'நாட்டிலஸ்' தொடரில் நெமோ, பாகிஸ்தானியப் பூர்வீகம் உள்ள பிரிட்டிஷ் நடிகர் ஷஸாத் லத்தீஃப்.

இந்தப் பெயரை நினைவில் வையுங்கள். ஃபென்னல் படத்தில் எட்கர் லின்டனும் அவர்தான்.

## ஏன் இரு திசைக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது?

வெள்ளைப் பாத்திரத்தில் பழுப்பு நடிகர் நடிக்கலாம் என்றால், பழுப்புப் பாத்திரத்தில் வெள்ளை நடிகர் ஏன் கூடாது? நியாயமாகத் தோன்றும் கேள்வி. பதில் வரலாற்றில் இருக்கிறது.

பேர்ல் எஸ். பக் எழுதிய 'தி குட் எர்த்' நாவல் சீன விவசாயக் குடும்பத்தின் கதை. 1937-இல் எம்.ஜி.எம். நிறுவனம் படமாக்கியபோது ஹாலிவுட்டில் அன்னா மே வாங் என்ற சீன அமெரிக்க நட்சத்திரம் இருந்தார். மனைவி ஓ-லான் வேடத்தை அவர் மனதார விரும்பினார். ஆனால் கணவன் வேடத்துக்குப் பால் மூனி என்ற வெள்ளை நடிகர் முடிவாகிவிட்டார். 1934 முதல் கடுமையாக நடைமுறைக்கு வந்த தணிக்கை நெறியான ஹேஸ் கோடு, வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையிலான உறவைத் திரையில் காட்டத் தடை விதித்தது. ஸ்டூடியோக்கள் அதை ஆசியர்களுக்கும் நீட்டிப் பொருள்கொண்டன. சீனக் கணவனாக வெள்ளையர் நடிப்பதால், சீன மனைவியாகச் சீனப் பெண் நடிக்க முடியாது! வேடம் லூயிஸ் ரைனருக்குப் போனது. அவருக்கு ஆஸ்கரும் கிடைத்தது. வாங்குக்கு முன்வந்தது குடும்பத்தைக் கெடுக்கும் இரண்டாம் மனைவியின் வேடம். அவர் மறுத்துவிட்டார்.

ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பது இதுதான். வெள்ளை நடிகர் எல்லா இனமாகவும் நடிக்கலாம். மற்றவர் தன் இனமாகக்கூட நடிக்க முடியாது. எனவே டேவிட் காப்பர்ஃபீல்டு வேடம் தேவ் படேலுக்குப் போனதால் வெள்ளை நடிகர்களுக்கு ஏற்பட்ட இழப்பு நூற்றில் ஒன்று. விக்டோரியா கால நாவல்களில் அவர்களுக்கான நாயக வேடங்கள் குவிந்து கிடக்கின்றன. ஹீத்கிளிஃபைப் போல, வெள்ளையர் அல்லாத ஒருவர் நடிக்க மூலமே இடம் கொடுக்கும் நாயக வேடத்தை அந்த நூற்றாண்டில் விரல் விட்டு எண்ணலாம். பெண் பாத்திரங்களிலும் அதே கதிதான். ஜேன் ஆஸ்டன் 1817-இல் பாதியில் விட்ட 'சாண்டிட்டன்' நாவலில் மிஸ் லாம்ப் என்ற கலப்பினப் பணக்காரப் பெண் வருகிறார். தாக்கரேயின் 'வேனிட்டி ஃபேர்' நாவலில் மிஸ் ஸ்வார்ட்ஸ். இருவருமே ஓரத்துப் பாத்திரங்கள்.

இவர்களைக் குறிப்பிடுவதற்கு வேறு காரணமும் உண்டு. அந்தக் காலத்து இங்கிலாந்தில் கறுப்பர்களே இல்லையே என்று வாதிடுபவர்களுக்கு ஆஸ்டனும் தாக்கரேயும் பதில் சொல்கிறார்கள். இக்னேஷியஸ் சாஞ்சோ என்ற கறுப்பின மளிகைக்காரர் 1774-இல் லண்டனில் வாக்களித்திருக்கிறார்.

## நிறம் பாராத முறைக்கு எதிரான வலுவான வாதம்

அது வலதுசாரிகளிடமிருந்து வந்ததல்ல. கறுப்பின நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சன் 1996-இல் ஆற்றிய உரையில், நிறம் பாராத தேர்வைக் கடுமையாக எதிர்த்தார். வெள்ளையர் கதைகளில் கறுப்பு நடிகர்களைச் செருகுவதற்குச் செலவாகும் பணம் கறுப்பினக் கதைகளுக்கும் அரங்குகளுக்கும் போகட்டும் என்பது அவர் நிலை. தன் வரலாறு இல்லாத ஒருவனாக மேடையில் நிற்பது சமத்துவமல்ல, அழிப்பு என்றார்.

இதை எளிதில் தள்ளிவிட முடியாது. 19-ஆம் நூற்றாண்டு விருந்து மண்டபத்தில் எல்லா இனத்தவரும் சமமாக நடனமாடுவதைப் பார்த்து வளரும் பிள்ளை, அந்த மண்டபத்துக்கான பணம் கரும்புத் தோட்ட அடிமைகளிடமிருந்து வந்தது என்பதை எப்போது அறியும்? 2020-இல் தொடங்கிய 'பிரிட்ஜர்டன்' தொடர் செவ்வியல் நாவலைத் தழுவியதல்ல. ஆனாலும் நடிகர் தேர்வு பற்றிய பேச்சில் அது தவறாமல் வந்துவிடுகிறது. ராணியே கறுப்பினத்தவர் என்று மாற்று வரலாறு கற்பித்து இந்தச் சிக்கலைத் தாண்டப் பார்த்தார்கள். 2022-இல் இரண்டாம் பருவத்தில், அதன் மூல நாவலில் கேட் ஷெஃபீல்டாக இருந்தவர் கேட் ஷர்மா ஆனார். நடித்தவர் தமிழ்ப் பெற்றோரின் மகளான சிமோன் ஆஷ்லி. ஆனால் வீட்டில் அப்பா என்ற தமிழ்ச் சொல்லும், தீதி என்ற வட இந்தியச் சொல்லும், போன் என்ற வங்காளச் சொல்லும் கலந்து ஒலித்தன. நிறத்தை அறிந்தவர்கள் ஊரை அறியவில்லை.

அப்படியும், வில்சன் சொன்னதை முழுத் தடையாக எடுத்துக்கொள்ள எனக்கு ஒப்பவில்லை. புதிய கதைகளுக்குப் பணம் வரும்வரை நடிகர் காத்திருக்க வேண்டும் என்றால், அன்னா மே வாங்கைப் போல வாழ்க்கையே காத்திருப்பில் கழிந்துவிடும்.

## பணமும் விதிகளும்

நடிகர் தேர்வை இயக்குநர் மனம் மட்டும் முடிவுசெய்வதில்லை. பெரிய செலவுப் படத்துக்கு முதலீட்டாளர் கேட்பது ஏற்கெனவே விற்பனையாகும் பெயர். 2014-இல் பைபிள் கதைப் படமொன்றுக்கு ஏன் வெள்ளை நடிகர்கள் என்று கேட்டபோது, யாருக்கும் தெரியாத அரபுப் பெயரை நாயகனாகப் போட்டால் இவ்வளவு பணம் திரட்ட முடியாது என்று அதன் இயக்குநர் ரிட்லி ஸ்காட் வெளிப்படையாகவே சொன்னார். வேடம் கிடைக்காததால் பெயர் வராது. பெயர் வராததால் வேடம் கிடைக்காது.

மறுபக்கத்தில், ஆஸ்கர் விதியால்தான் கட்டாயமாக இப்படி நடிக்க வைக்கிறார்கள் என்று ஒரு வதந்தி சுற்றுகிறது. உண்மை நிலை இது:

1. ஆஸ்கர் வழங்கும் அகாடமி 2020-இல் அறிவித்த பன்முகத்தன்மை நெறிகள் 2024 விருதுகளிலிருந்து நடைமுறைக்கு வந்தன. சிறந்த படம் என்ற ஒரே விருதுக்கு மட்டுமே அவை பொருந்தும்.
2. நான்கு நெறிகளில் இரண்டை நிறைவேற்றினால் போதும். திரையில் தோன்றுபவர்கள் பற்றியது அவற்றில் ஒன்று மட்டுமே. மற்றவை தொழில்நுட்பக் குழு, பயிற்சி வாய்ப்புகள், விளம்பரக் குழு பற்றியவை.
3. இனம் மட்டுமன்றிப் பெண்கள், மாற்றுப் பாலினத்தவர், மாற்றுத்திறனாளிகளின் பங்கேற்பும் கணக்கில் வரும்.

முழுக்க வெள்ளை நடிகர்கள் நடித்த படமும் தாராளமாகத் தகுதிபெறும்.

## ஃபென்னல் படத்துக்கே திரும்பினால்

அந்தப் படத்தில் எட்கராக ஷஸாத் லத்தீஃப், நெல்லியாக வியட்நாமியப் பூர்வீகம் உள்ள ஹாங் சாவ். பன்முகத்தன்மை இல்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. எண்ணிக்கை சரியாக இருக்கிறது. சிக்கல் அவர்கள் நிற்கும் இடத்தில் இருக்கிறது.

ஹீத்கிளிஃப் ஏங்கியது எட்கரின் வெளுத்த தோலுக்காக. வெளுத்தவர் ஹீத்கிளிஃப், பழுப்பு நிறத்தவர் எட்கர் என்று ஆனபின் ஏழாம் அத்தியாயத்துக் கண்ணாடி முன் எதைக் காட்டுவது? அந்தக் காட்சியை எழுதியபடி எடுக்கவே வழியில்லை. வர்க்கத்தை வைத்து அவமானத்தைக் காட்டலாம்; நாவலில் அதுவும் இருக்கிறது. ஆனால் நல்ல உடையும் சம்பாதித்த பணமும் வர்க்கத்தை மாற்றிவிடும். ஹீத்கிளிஃப் மூன்று வருடம் காணாமல் போய்ப் பணக்காரனாகத் திரும்பி வந்த பிறகும் அந்த வீடுகளில் அவன் அந்நியனாகவே இருப்பதற்கு நாவலில் இன்னொரு காரணம் இருக்கிறது. அதைத்தான் இந்தத் தேர்வு எடுத்துவிடுகிறது.

எழுதியவரே உயிரோடிருந்து கேள்வி கேட்க முடிந்த ஒரு வழக்கும் உண்டு. உர்சுலா லெ குவின் தன் 'எர்த்ஸீ' கதைகளின் நாயகன் 'கெட்' என்பவனைச் செம்பழுப்பு நிறத்தவனாகத் திட்டமிட்டே படைத்தார். வெள்ளையர்கள் அந்த உலகில் ஓரத்துத் தீவுக்காரர்கள். 2004-இல் தொலைக்காட்சித் தொடராக வந்தபோது கெட் வெள்ளையனாகியிருந்தான். என் உலகத்தை வெள்ளையடித்துவிட்டீர்கள் என்று அவர் பகிரங்கமாகக் கட்டுரை எழுதினார். எமிலி பிரான்டே 1848-இல், நாவல் வெளிவந்த மறு வருடமே, முப்பது வயதில் இறந்துபோனார். அவர் என்ன நினைத்தார் என்பதற்கு நமக்கு மிஞ்சியிருப்பது லிவர்பூல் தெரு, லஸ்கர் என்ற ஒரு சொல், கண்ணாடி முன் நிற்கும் ஒரு பையன்.